தொழுவத்துக் கடி ஈ: மருந்துக்கு முன்னால் கூளத்தைப் பாருங்கள்

மாடு நின்ற இடத்திலேயே காலை உதறிக்கொண்டிருந்தால், குனிந்து முன்னங்காலைப் பாருங்கள். அங்கே கடி ஈ உட்கார்ந்திருக்கும். வீட்டு ஈ மாதிரியே சாம்பல் நிறம். ஆனால் வாயிலிருந்து ஊசி ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண், பெண் இரண்டுமே ரத்தம் குடிக்கும். குடித்ததும் மாட்டின் மேல் தங்காமல் சுவரிலோ தூணிலோ போய் உட்கார்ந்துவிடும். மாட்டுக்கு மட்டும் மருந்தடித்து ஈ குறையாததற்கு இதுதான் காரணம்.

அது முட்டையிடுவது மூத்திரமும் சாணியும் ஊறிய கூளத்தில். மதுரை மாவட்டத்து மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வைக்கோலுக்குக் குறைவில்லை. மாடு தின்னாமல் கழித்த வைக்கோல் காடிக்கு (தீவனத் தொட்டிக்கு) அடியிலேயே மக்கும். குச்சியால் கிளறினால் வெளிறிய புழுவும் செம்பழுப்புக் கூடும் தெரியும். வெயில் காலத்தில் முட்டை ஈயாக இரண்டு மூன்று வாரம் போதும். தினமும் சாணி அள்ளுகிறவர்கள்கூட இந்தக் கூளத்தை விட்டுவிடுகிறார்கள். காடி அடி, மூலை, வாய்க்கால் ஓரம் மூன்றையும் வாரம் இரண்டு தடவை சுரண்டி எடுக்க வேண்டும்.

எடுத்ததைத் தொழுவத்தை ஒட்டிக் கொட்டாதீர்கள். இரண்டு விரல் கனத்துக்குள் பரப்பி வெயிலில் காயவிடலாம். இல்லையென்றால் குவித்துத் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் மண் அணையுங்கள். உள்சூட்டில் புழு செத்துவிடும். ஓரம் திறந்திருந்தால் சூடில்லாத பக்கமாக நகர்ந்து தப்பிவிடும். ஐப்பசி மழைக்கு முன்பே வைக்கோல் படப்பைக் கல்மேடையில் ஏற்றுங்கள். நனைந்த அடிவைக்கோலிலும் இதே ஈ பெருகும்.

ஏற்கெனவே பறக்கிற ஈக்கு மூலிகைக் கரைசல்: பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. அரைத்து 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வாரம் ஒருமுறை வெயில் நேரத்தில் உடம்பெங்கும் துணியால் தடவுங்கள். கால், அடிவயிறு விடுபடக் கூடாது.

டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்து வாங்கினால் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் 1.25 சதவீதம்தான் வாங்க வேண்டும். உரக்கடையில் உள்ள 2.8 சதவீதம் பயிருக்கானது. மாட்டுக்கு அடிக்கவே கூடாது. அளவை மருத்துவரிடம் கேட்டு, ஈ உட்காரும் சுவருக்கும் சேர்த்து அடியுங்கள். மருந்தடித்த மாட்டைக் கண்மாயில் இறக்கினால் மீன் செத்துவிடும்.

வேப்பிலை, நொச்சி மூட்டம் புகையிருக்கும் வரைதான் உதவும். அடைத்த கொட்டகைக்குள் போட்டால் கன்றுக்கு இருமல்தான் வரும்.

கண்மாய் ஓரத்தில் கடிக்கும் பெரிய ஈ வேறு. அது ஈரச் சேற்றில் வளர்வது. தொழுவத்தைக் கூட்டினால் குறையாது. அது மொய்க்கிற நாட்களில் உச்சி வெயிலில் மாட்டைக் கரைப்பக்கம் ஓட்டாதீர்கள்.