வாகனக் கண்காணிப்புக் கருவி அடிக்கடி துண்டிக்கப்பட்டால்

வாகனத்தில் பொருத்திய ஜீபிஎஸ் கருவி தானாக நின்று மீண்டும் தொடங்கினாலோ இணைப்பு அடிக்கடி அறுந்தாலோ, கருவிக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபேர்ம்வெயாரைக் குறை கூறுவதற்கு முன், துண்டிப்பு நிகழ்ந்த நேரங்களையும் இடங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாகனத்தை ஸ்டார்ட் செய்யும் கணத்தோடு அந்த நேரம் ஒத்துப்போனால், கோளாறு பெரும்பாலும் மின்வழங்கலிலேயே இருக்கும். நலிந்த 12 வோல்ற் பற்றரி, ஸ்டாட்டர் சுழலும்போது 9 வோல்ற்றுக்கும் கீழே இறங்கக்கூடும். கருவிக்குள்ளிருந்து 2ஜீ வலையமைப்பில் தரவு அனுப்பும் மொடமோ கணநேரத்துக்கு 2 அம்பியர் வரை இழுக்கும் என்பதால், கருவியின் உள்பற்றரியும் பழுதடைந்திருந்தால் அது அணைந்து மீளத் தொடங்கிவிடும்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு மீன் ஏற்றும் லொறியொன்றில் நான் கண்டதும் இதுதான். இரண்டு தடவை ஃபேர்ம்வெயார் மாற்றியும் பயனில்லை. எர்த் கம்பியைக் கழற்றிப் பார்த்தபோது, செம்பு பச்சை பூத்து, போல்ற்றின் அடியில் துரு பொருக்காக உதிர்ந்தது. உப்புக்காற்றும் மீன்பெட்டியிலிருந்து வடியும் நீரும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? மண்கடதாசியால் தேய்த்து, புதிய முனை பொருத்தி, கிறீஸ் பூசி இறுக்கியதும் கருவி சீராகியது.

நாள்தோறும் ஒரே இடத்தில் இணைப்பு அறுந்தால் அது சிக்னல் குறைபாடு. அன்ரெனாவை உலோகத் தகட்டின் கீழிருந்து வெளியே எடுத்துப் பாருங்கள். துண்டிப்பு ஸ்டார்ட் செய்யும் நேரத்தோடும் குறித்த இடத்தோடும் பொருந்தாவிட்டால் மட்டுமே ஃபேர்ம்வெயாரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் மாதிரி எண்ணையும் தற்போதைய பதிப்பையும் குறித்துக்கொண்டு, வாகனத்தை நிறுத்தி, பற்றரி நிறைந்திருக்கையில் புதுப்பியுங்கள். வேறு மாதிரிக்குரிய கோப்பை ஏற்றினால் கருவி முற்றாகச் செயலிழக்கக்கூடும்.