புதர்க்காட்டில் தும்பையை அடையாளம் காணுதல்

வறண்ட புதர்க்காடுகளிலும் தரிசு நிலங்களிலும் மழைக்குப் பின் முளைத்துப் பூக்கும் சிறு செடிகளுள் தும்பையின் பெயரை அறியாதவர் அரிது. எனினும், வெள்ளைப் பூ என்ற ஒன்றை மட்டும் நம்பி, அதன் உறவுச் செடிகள் பலவற்றையும் தும்பை என்றே குறித்துவிடுகிறார்கள். லியூகஸ் ஆஸ்பெரா என்னும் தும்பையை உறுதி செய்ய விரும்புபவர், பூவின் வெண்மையைவிட அதைத் தாங்கியிருக்கும் பச்சைப் புல்லிவட்டத்தையே முதன்மையாக நம்ப வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் செடியைப் பிடுங்காமல் தண்டைத் தொட்டுப் பாருங்கள். ஓராண்டுச் செடியாகிய இது பெரும்பாலும் 15 முதல் 60 செ.மீ. உயரம் வளரும். தண்டை இரு விரல்களுக்கிடையே மெல்ல வருடினால் நான்கு விளிம்புகள் தட்டுப்படும். துளசிக் குடும்பத்தின் பொதுக்குறி இது. இலைகள் எதிரெதிராக அமைந்து, ஒரு கணுவின் இணை அடுத்த கணுவின் இணைக்குக் குறுக்காக நிற்கும். இலை குறுகி நீண்டது. விளிம்பில் மழுங்கிய பற்கள் இருக்கலாம், ஏறக்குறைய இல்லாமலும் இருக்கலாம் என்பதால் இலையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. தண்டிலும் இலையிலும் உள்ள சொரசொரப்பான மயிர்களோ தெளிவான உதவி செய்பவை.

பூக்கள் காம்பின்றி, கணுக்களைச் சுற்றியும் கிளை நுனியிலும் நெருங்கிய வட்டக் கொத்துகளாக அமையும். ஒவ்வொரு பூவும் ஏறக்குறைய 1 செ.மீ. நீளமுள்ளது; அதற்கு இரண்டு உதடுகள் உண்டு. குட்டையான மேலுதடு வெண்பஞ்சு போர்த்தியதுபோல் அடர்ந்த மயிர் கொண்டு, நான்கு மகரந்தத்தாள்களையும் தன் கீழே மறைத்திருக்கும். அதைவிட நீண்ட கீழுதடு மூன்று மடல்களாகப் பிரிந்து, நடு மடல் மட்டும் அகன்று விரிந்திருக்கும். தேனீ ஒன்று அந்த நடு மடலில் இறங்கித் தலையை உள்ளே நுழைக்கும்போது அதன் முதுகில் மகரந்தம் படிவதைச் சற்று நேரம் நின்றால் நேரிலேயே காணலாம். உதடுகளின் அமைப்புக்குக் காரணமும் அப்போது விளங்கும்.

அடுத்து, 10 மடங்கு உருப்பெருக்கியைப் புல்லிவட்டத்தின் மேல் பிடியுங்கள். அது சற்றே வளைந்த குழாய். அடிப்பகுதி மழமழப்பாகவும், மேற்பகுதி வரிகளோடும் மயிர்களோடும் இருக்கும். வாய் நேராக வெட்டியதுபோல் இல்லாமல் சாய்வாக இருக்கும். அதன் சிறு பற்கள் சம அளவில் இல்லாமல், மேற்புறத்துப் பல்லே எல்லாவற்றினும் பெரிதாக நிற்கும்.

இனி, மயங்கச் செய்யும் செடிகள். கிளை நுனியில் பெரிய உருண்டைப் பூத்தலையும் அதைச் சுற்றி அகன்ற பூவடிச்செதில்களும் கண்டால் அது லியூகஸ் செபலோடஸ். தரையோடு படர்ந்து, கணுவுக்கு இரண்டொரு பூக்களே விட்டால் லியூகஸ் பைஃப்ளோரா. மிகவும் கடினமானது லியூகஸ் லாவண்டுலிஃபோலியா: அதன் புல்லிவாயும் சாய்ந்ததே, ஆனால் தண்டின் மயிர்கள் சொரசொரக்காமல் மென்மையாகப் படிந்து நரைத்த தோற்றம் தரும். கவிழ்தும்பை வேறு குடும்பத்தது. இளநீலப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்குவதாலும், இலையடி தண்டைத் தழுவி நிற்பதாலும் உடனே பிரித்தறியலாம்.

செடி காய்ந்த பிறகும் இந்த ஆய்வு இயலும், ஏனெனில் வெள்ளை இதழ்கள் உதிர்ந்தாலும் புல்லிவட்டம் செடியிலேயே நிலைத்து, தன் அடியில் நான்கு சிறு பழுப்புக் கொட்டைகளைத் தாங்கியிருக்கும். எனவே படம் எடுப்பவர்கள் முழுச்செடி, தண்டின் மயிர், பூவின் முகம் ஆகியவற்றோடு, பக்கவாட்டிலிருந்து புல்லிவாயின் சாய்வு தெரியும்படி ஒரு படத்தையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். பெரும்பாலான பதிவுகளில் அந்த ஒரு படம் இல்லாததாலேயே பிறர் சரிபார்க்க முடியாமல் போகிறது.