வீட்டுக் கணினிக்குக் காப்புப்பிரதி: சிஸ்டத்துக்கு ஒரு வழி, கோப்புகளுக்கு வேறு வழி

காப்புப்பிரதி எடுக்க முடிவு செய்பவர்களில் பலர் முதலில் மென்பொருளைத் தேடுகிறார்கள். அதற்கு முன் கணினியில் உள்ளவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. விண்டோஸ், அதில் நிறுவிய மென்பொருள்கள், பிரின்டர் டிரைவர்கள் போன்றவை அழிந்தால் ஒரு நாள் வேலை கெடுமே தவிர, எல்லாவற்றையும் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். குழந்தையின் புகைப்படங்களும், பாதி எழுதிய ஆய்வேடும், பல ஆண்டு வரவு செலவுக் கணக்கும் போனால் போனதுதான். இந்த இரண்டுக்கும் ஒரே ஏற்பாட்டைச் செய்து, முழு ஹார்ட் டிஸ்க்கையும் அடிக்கடி நகலெடுக்க முயல்பவர்கள் சில வாரங்களில் சலித்து விட்டுவிடுகிறார்கள்.

சிஸ்டத்துக்கு ஏற்றது இமேஜ், அதாவது டிஸ்க்கை அப்படியே படியெடுத்த ஒரு நகல். விண்டோஸை நிறுவி, தேவையான மென்பொருள்களைப் போட்டு, எல்லாம் ஒழுங்காக இயங்கும்போது ஓர் இமேஜ் எடுத்துவிட்டு, பிறகு பெரிய மாற்றம் செய்யும்போது மட்டும் புதிதாக எடுத்தால் போதும். இலவச மென்பொருளான குளோன்ஸில்லாவைப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, அதாவது விண்டோஸுக்குப் பதில் கணினியை அதிலிருந்து தொடங்கி, இதைச் செய்யலாம். ஆனால் மீட்கும்போது புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். டிஸ்க்கில் உள்ளதை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கும் கணினியாக இருந்தால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைப்பது கட்டாயம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் பயன்படுத்துவோருக்கு, சிஸ்டத்தை நகலெடுக்கும் டைம்ஷிப்ட் இருக்கிறது, ஆனால் அது இயல்பான அமைப்பில் நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையைச் சேர்ப்பதில்லை. அதை நம்பிப் புகைப்படங்களும் பத்திரமாக இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

கோப்புகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் 3-2-1 விதியையே நானும் பரிந்துரைக்கிறேன்: மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே. விண்டோஸில் உள்ள ஃபைல் ஹிஸ்டரியை ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குடன் இணைத்தால், இயல்பாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுத்து, பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். இந்தப் பழைய பதிப்புகள் மிக முக்கியம். கணக்குத் தாளில் ஒரு பத்தியைத் தவறுதலாக அழித்துச் சேமித்தது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவந்தால், நேற்றைய நகலில் இருப்பதும் அழிந்த வடிவமாகவே இருக்கும்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் கோப்புகள் ஒத்திசைவதை மட்டும் முழுக் காப்பாகக் கருத வேண்டாம். கணினியில் அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். மேலும், 200 ஜிபி படங்களை 20 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில் அனுப்ப, இடைவிடாமல் போனாலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே முக்கிய ஆவணங்களை மட்டும் கிளவுடில் வைத்து, படங்கள் அனைத்தையும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, அதைக் கடவுச்சொல்லால் பூட்டி உறவினர் வீட்டில் வைப்பது பலருக்கும் கட்டுப்படியாகும்.

எந்த டிஸ்க்கையும் எப்போதும் கணினியில் செருகியே வைத்திருப்பதில் ஆபத்து உண்டு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பிணைத்தொகை வைரஸ்கள் இணைப்பில் உள்ள டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். நகலெடுப்பு முடிந்ததும் ஒரு டிஸ்க்காவது கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து, விட்டுப்போகக்கூடிய இடங்களைப் பார்க்க வேண்டும். மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டின் அஞ்சல்கள் விண்டோஸில் மறைக்கப்பட்ட ஆப்டேட்டா கோப்புறையில் இருக்கும். டேலி கணக்குகள் எந்தக் கோப்புறையில் சேமிக்கப்படுகின்றன என்பதை அந்த மென்பொருளிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டாகுமென்ட்ஸ் கோப்புறையை மட்டும் நகலெடுப்பவர்களுக்கு இவை கிடைக்காமல் போகலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மீட்டுப் பாருங்கள். பழைய புகைப்படக் கோப்புறை ஒன்றைப் புதிய இடத்துக்கு மீட்டு, நடுவிலிருந்து சில படங்களைத் திறந்து, அவை முழுமையாகத் தெரிகின்றனவா எனச் சரிபார்க்க வேண்டும். பெயர்ப் பட்டியல் தெரிவது மட்டும் போதாது. அப்படியே குளோன்ஸில்லா பென்டிரைவிலிருந்து ஒருமுறை பூட் செய்து, இமேஜ் இருக்கும் டிஸ்க்கை அது அடையாளம் காண்கிறதா என்று பார்த்துவிட்டு, எதையும் எழுதாமல் வெளியே வந்துவிடலாம்.