கத்திரி வெயிலிலும் கழற்றத் தோன்றாத ரைடிங் கவசங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தமிழ்நாட்டில் இரு சக்கர வாகனம் ஓட்டுபவர்களில், ஹெல்மெட் எதற்கு என்று தெரியாதவர் எவரும் இருக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து அது கட்டாயமாக்கப்பட்டதும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு பின்னால் அமர்பவருக்கும் அதை விதிப்பதும், அணியாமல் பிடிபட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பதும் ஊரறிந்த செய்திகள். அப்படியிருந்தும் பல ஹெல்மெட்கள் பெட்ரோல் டேங்கின் மேலும் முழங்கையிலும்தான் பயணம் செய்கின்றன. கேட்டுப் பார்த்தால் நெற்றி வலிக்கிறது, கழுத்தெல்லாம் வேர்க்கிறது, அலுவலகத்தில் வைக்க இடமில்லை என்ற பதில்கள்தான் வரும். இவை சோம்பலுக்குச் சொல்லும் சாக்குகள் என்று தள்ளிவிடுவது சரியன்று. பெரும்பாலும் தவறான பொருளை வாங்கியதன் விளைவுகள் இவை. ஆகவே கடைக்குள் நுழையும் முன்பே, மே மாத மதியத்தில் சிக்னலில் நிற்கும்போதும் இதைப் போட்டுக்கொண்டிருப்பேனா என்ற கேள்விக்கு விடை தேடிக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க இயலாதவர்கள் முதலில் ஹெல்மெட், அடுத்துக் கையுறை, பிறகு கணுக்காலை மூடும் ஷூ, அதன் பின் ஜாக்கெட், கடைசியில் பேன்ட் என்ற வரிசையில் வாங்கலாம். ஜாக்கெட்டுக்கு முன்பாகக் கையுறையை வைப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதியில் விபத்தில் சிக்கிய 212 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ரைடிங் ஜாக்கெட் அணிந்திருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு 21 விழுக்காடும், ரைடிங் பேன்ட் அணிந்திருந்தவர்களுக்கு 51 விழுக்காடும், கையுறை அணிந்திருந்தவர்களுக்கு 59 விழுக்காடும் குறைவாக இருந்தது. பேன்ட்டின் பயன் இவ்வளவு தெளிவாக இருந்தும் அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், தினசரி அலுவலகம் செல்பவர் அதை வாங்கினாலும் அணிவதில்லை என்பதுதான். அதற்கு ஒரு மாற்று வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

ஹெல்மெட் வாங்கும்போது அதன் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. சின்னத்துக்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் இந்தச் சான்று இல்லாத ஹெல்மெட்டை உள்நாட்டில் விற்பது சட்ட விரோதம் என்றாலும், சாலையோரக் கயிறுகளில் தொங்குபவற்றில் பல வெறும் பிளாஸ்டிக் தொப்பிகளே. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டிவிடலாம் என்பதால், உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டு, அங்கே வரும் உற்பத்தியாளரின் பெயரும் ஹெல்மெட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். ஒரு நிமிட வேலை. உள்துணியை விலக்கிப் பார்த்தால் கெட்டியான தெர்மாகோல் அடுக்கு தெரிய வேண்டும். அடி விழும்போது வெளி ஓடு அதன் விசையைப் பரப்பிவிட, இந்த அடுக்கு தான் நசுங்கி மீதி விசையை வாங்கிக்கொள்கிறது. தெர்மாகோலுக்குப் பதில் மெத்தென்ற பஞ்சு மட்டும் இருந்தால் அதை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது வடிவம். காது வரை மட்டும் மூடும் அரை ஹெல்மெட் போலீசாருக்குக் காட்டுவதற்குத்தான் உதவும். முகம் திறந்த ஹெல்மெட் மண்டையைக் காக்கும், தாடையைக் காக்காது. ஜெர்மனியில் விபத்துக்குள்ளான ஹெல்மெட்களைச் சேகரித்துச் செய்யப்பட்ட ஆய்வில், அடிபட்ட இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியிலேயே இருந்தது. ஆகவே முழுமுக ஹெல்மெட்டே என் பரிந்துரை. மூச்சு முட்டுகிறது என்று அஞ்சுபவர்கள், தாடைப் பகுதியை மேலே தூக்கிவிடக்கூடிய மாடுலர் வகையை வாங்கி, சிக்னலில் நிற்கும்போது திறந்துகொள்ளலாம். வண்டி நகர்ந்ததும் அதை மூடிவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற நல்ல முழுமுக ஹெல்மெட் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் எடைக் குறைவுக்கும், காற்றோட்டத்துக்கும், சத்தக் குறைவுக்கும், ஐரோப்பிய இ.சி.இ. 22.06 போன்ற கூடுதல் சான்றுகளுக்கும் போகிறது.

இனி அளவு. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே, காதுகளின் மேல்பக்கமாக, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி தையல் டேப்பால் அளந்து, அந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தில் லார்ஜாக இருக்கும். புது ஹெல்மெட் அணியும்போது சற்றுச் சிரமப்பட்டுத்தான் இறங்க வேண்டும். கன்னங்கள் இரண்டும் உள்ளே தள்ளப்பட்டு, பேசினால் வாயின் உட்பக்கத்தைக் கடித்துக்கொள்வோமோ என்று தோன்றும் அளவுக்கு இறுக்கம் இருக்கலாம். அந்த கன்ன மெத்தை சில வாரங்களில் படிந்துவிடும். நெற்றியில் ஒரே இடத்தில் அழுத்துவது மட்டும் படியாது. ஆகவே கடைக்காரர் முகம் சுளித்தாலும் பத்து நிமிடம் போட்டுக்கொண்டு நின்று, கழற்றிய பின் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். சிவந்த தடம் ஒரு புள்ளியாக விழுந்திருந்தால் அந்த மாடல் உங்கள் மண்டையின் வடிவத்துக்கு உரியதன்று. ஒரு அளவு பெரியதை எடுப்பது அதற்குத் தீர்வாகாது. வேறு மாடலைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டையைப் பூட்டிய பிறகு இன்னொரு சோதனை உண்டு. ஹெல்மெட்டின் பின்பக்கக் கீழ் விளிம்பில் இரு கை விரல்களையும் கொடுத்து, முன்னோக்கி உருட்டித் தள்ளிப் பாருங்கள். அது கண்ணை மறைத்துக்கொண்டு கழன்று வருமானால், விபத்திலும் அப்படியே கழன்று பறக்கும். பட்டைக்கும் தாடைக்கும் இடையில் இரண்டு விரல்களுக்கு மேல் நுழையக் கூடாது. பட்டை பூட்டாத ஹெல்மெட், முதல் மோதலில் தலையை விட்டுப் போய்விடும். அதைச் சுமந்ததெல்லாம் வீண். நீளமான கூந்தல் உள்ளவர்கள் உச்சிக் கொண்டை போட்டுக்கொண்டு ஹெல்மெட் அணிந்தால், அது தலையில் முழுதாக இறங்காமல் மேலேயே மிதந்துகொண்டிருக்கும். கழுத்துக்குக் கீழே பின்னலாகத் தொங்கவிட்டு, பூவை இறங்கிய பிறகு வைத்துக்கொள்வதே சரி. முகத்தின் முன்னால் இறங்கும் கண்ணாடியான வைசர் கறுப்பாக இருந்தால் பகலுக்கு அழகுதான், ஆனால் மாலையில் வீடு திரும்புபவருக்கு அது ஆபத்து. நிறமில்லாத தெளிந்த வைசரோடு, உள்ளே இறக்கிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி கொண்ட மாடலைத் தேடுங்கள்.

கையுறைக்கு வருவோம். விழும்போது மனிதன் முதலில் கையைத்தான் ஊன்றுகிறான். குளிருக்கு அணியும் கம்பளிக் கையுறையும், வெயிலுக்காகப் பெண்கள் அணியும் நீளமான துணிக் கையுறையும் தார்ச்சாலையில் நிற்கமாட்டா. உள்ளங்கையின் அடிப்பாகத்தில் தோல் அல்லது வழுக்கிச் செல்லும் கெட்டிப் பிளாஸ்டிக் வைத்துத் தைத்ததும், விரல் முட்டிகளில் காப்பு உள்ளதும், மணிக்கட்டில் தனிப் பட்டை உள்ளதுமாக இருக்க வேண்டும். பட்டையை இறுக்கிய பின் இன்னொரு கையால் விரல் நுனிகளைப் பிடித்து இழுங்கள். உருவிக்கொண்டு வரும் கையுறையால் பயனில்லை. மேற்புறம் வலைத்துணியாக இருந்தால் கோடையில் தொல்லை தராது. கிளட்சையும் பிரேக்கையும் பிடித்துப் பார்க்கும்போது விரல்களுக்கு இடையில் துணி மடங்கி உறுத்தக் கூடாது.

காலுக்கு ரைடிங் பூட்ஸ்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்விலேயே, ரைடிங்குக்கென்று செய்யப்படாத சாதாரண பூட்ஸ்கூட ஷூக்களைவிடக் கால் காயங்களை நன்றாகக் குறைத்திருந்தது. தொழிற்சாலைகளில் அணியும், கணுக்காலை மூடிய தோல் பூட்ஸ் மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருப்பதால் அதையே நான் சொல்வேன். லேஸின் வளையங்களை உள்ளே செருகிவிடுங்கள். ஃபுட்ரெஸ்டில் மாட்டினால் சிக்னலில் நின்ற நிலையிலேயே வண்டியோடு சாய வேண்டியிருக்கும்.

ஜாக்கெட்டில் நம் ஊர்ப் பிரச்சினை வெப்பம். மார்பிலும் கைகளிலும் வலைத்துணி வைத்த மெஷ் ஜாக்கெட், வண்டி ஓடும்போது காற்றை உள்ளே விடும். நின்றால் புழுங்கும், அதற்கு வழியில்லை. ஆனால் விழும்போது முதலில் தரையில் படும் தோள்பட்டை, முழங்கை ஆகிய இடங்களில் வலைத்துணி இருக்கக் கூடாது. அங்கே கெட்டியான துணி வேண்டும். மதுரை, வேலூர் போன்ற வறண்ட ஊர்களில் உள்ளே அணியும் பனியனை நனைத்துக்கொண்டு புறப்பட்டால் நெடுநேரம் குளுமை இருக்கும். சென்னையின் ஈரக் காற்றில் இந்த உபாயம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. ஜாக்கெட்டின் உள்ளே செருகியிருக்கும், அடியைத் தாங்கும் பேட்களை வெளியே எடுத்துப் பாருங்கள்: தோள், முழங்கைப் பேட்களில் இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், முதுகுப் பேடில் 1621-2 என்ற எண்ணும் பொறித்து, அருகே லெவல் 1 அல்லது 2 என்று இருக்கும். இரண்டாவது லெவல் அதிக விசையைத் தாங்கும். விலை குறைந்த பல ஜாக்கெட்களில் முதுகுப் பக்கம் வெறும் ஸ்பாஞ்ச் துண்டுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சான்று பெற்ற முதுகுப் பேடைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அணிந்து பார்க்கும்போது நின்றுகொண்டு பார்க்காமல் வண்டியில் அமர்ந்து கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். முழங்கைப் பேட் முழங்கையை விட்டு நழுவினால், கையில் உள்ள பட்டைகளை இறுக்க வேண்டும். அப்படியும் நிற்கவில்லையென்றால் ஒரு அளவு சிறியதை எடுக்க வேண்டும்.

பேன்ட்டுக்குச் சொன்ன மாற்று வழி, வழக்கமான பேன்ட்டின் மேலேயே கட்டிக்கொள்ளும் முழங்கால் காப்பு. அலுவலக வாசலில் இரண்டு பட்டைகளைக் கழற்றினால் வேலை முடிந்தது. சாதாரண ஜீன்ஸ் தார்ச்சாலையில் உராய்ந்தால் கண நேரத்தில் கிழிந்துவிடும் என்பதால், அதைக் காப்பாக எண்ணவே வேண்டாம்.

பின்னால் அமர்பவரைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 2022இல் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் அமர்ந்திருந்தவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. வீட்டில் ஒரு ஹெல்மெட் மட்டும் வாங்கி, அதையே பின்னால் வருபவர் எவராயினும் மாட்டிக்கொள்வது போதாது. மனைவிக்கும் அம்மாவுக்கும் அவரவர் தலையை அளந்து வாங்க வேண்டும். சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் முன்னால் இழுத்து இடுப்பில் செருகிய பிறகே வண்டியை நகர்த்துங்கள். பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் சேலைத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி. அழகு கெடுகிறதென்று இளைஞர்கள் முதலில் கழற்றி எறிவதும் அதைத்தான். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றினால், ஓட்டுபவரோடு குழந்தையை இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைக்கு அதன் தலைக்கேற்ற ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. சிறு குழந்தைக்குச் சைக்கிள் ஹெல்மெட்டையும் விதி ஏற்கிறது.

பராமரிப்பில் சில செய்திகள் உண்டு. ஹெல்மெட்டை வண்டியின் கண்ணாடிக் கம்பியில் கவிழ்த்து மாட்டினால் கம்பியின் முனை தெர்மாகோலில் குழி போட்டுவிடும். வெளி ஓட்டைத் துடைக்கப் பெட்ரோலோ தின்னரோ வேண்டாம். பாலிகார்பனேட் ஓடு அவற்றால் வலுவிழக்கும். ஈரத் துணியும் சிறிது ஷாம்பூவும் போதும். ஒரு முறை தலையோடு அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் மாற்றப்பட வேண்டியது. உள்ளே நசுங்கிய தெர்மாகோல் மீண்டும் எழும்பாது. உள்துணியைக் கழற்றித் துவைக்கக்கூடிய மாடலாக இருந்தால் கோடையில் வாரம் ஒரு முறை துவைத்து நிழலில் உலர்த்துங்கள். நாற்றத்துக்குப் பயந்தே ஹெல்மெட்டை ஒதுக்கியவர்கள் பலர் உண்டு. அலுவலகத்தில் வைக்க இடமில்லாதவர்கள், எண் பூட்டு உள்ள மெல்லிய கேபிள் ஒன்றை வாங்கி, ஜாக்கெட்டின் கைவழியாகவும் ஹெல்மெட்டின் தாடைப் பகுதி வழியாகவும் நுழைத்து, நிழலில் நிறுத்திய வண்டியின் பின் கைப்பிடியோடு சேர்த்துப் பூட்டிவிடலாம். பட்டையின் வளையத்தில் மட்டும் பூட்டினால் பட்டையை அறுத்துவிட்டு ஹெல்மெட்டைக் கொண்டுபோய்விடுவார்கள்.