மதீரா ஒயின்: முதல் பாட்டிலில் தொடங்குவோருக்கு

ஒயினுக்கு ஆகாதவை இரண்டு: சூடும் காற்றும். வெயிலில் வைத்தால் கெடும், திறந்து வைத்தால் சில நாளில் பாழாகும். மதீரா ஒயினையோ இந்த இரண்டையும் கொடுத்துத்தான் செய்கிறார்கள். அதனால்தான் அதன் சுவை வேறு எந்த ஒயினிலும் கிடைப்பதில்லை. புதிதாக ஒயின் பழகுபவருக்கும் இதுதான் தோது என்பேன். கெடவேண்டியதெல்லாம் கெட்டுத் தேறி வந்த சரக்கு, உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு என்ன கெட்டுவிடப் போகிறது?

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதீரா, அட்லாண்டிக் கடலில் லிஸ்பனிலிருந்து ஏறக்குறைய 1,000 கி.மீ. தள்ளியிருக்கும் போர்ச்சுகல் நாட்டு எரிமலைத் தீவு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் இந்தியாவுக்கு வரும் வழியில் அதன் தலைநகர் ஃபுன்ஷாலில் நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும். சென்னைக் கோட்டையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் விருந்து மேசைக்கும் அந்த ஒயின் வந்தது. வழியில் கெடாமலிருக்கத் திராட்சை ஸ்பிரிட் கலந்து அனுப்பினார்கள். வெப்ப மண்டலக் கடல்களில், கப்பலின் அடித்தட்டுப் புழுக்கத்தில் மாதக்கணக்கில் வெந்து, ஊர் திரும்பிய பீப்பாய்களில் ருசி கூடியிருந்தது. பிறகு எதற்கு வீண் கப்பல் செலவு என்று, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீவிலேயே சூடாக்க ஆரம்பித்தார்கள்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் திராட்சையின் பெயரைத் தேடுங்கள். நான்கு பெயர்கள் போதும்: செர்சியல், வெர்டெல்ஹோ, போவால், மால்ம்சி. இதே வரிசையில் இனிப்பு ஏறும். செர்சியலில் இனிப்பு குறைவு, மால்ம்சி நல்ல தித்திப்பு. திராட்சையின் பெயரே இல்லையென்றால் அது பெரும்பாலும் டிண்டா நெக்ரா என்ற கருந்திராட்சையாக இருக்கும். தீவில் அதிகம் விளைவது அதுதான். அந்த பாட்டில்களில் 'செகோ' என்றால் இனிப்புக் குறைந்தது, 'டோஸே' என்றால் இனிப்பானது. முன்னால் 'மெயோ' சேர்ந்தால் நடுத்தரம்.

அடுத்தது வயது. 3, 5, 10, 15 என்று எண் இருக்கும். பல பீப்பாய்களின் ஒயினைக் கலந்து, அந்த வயதின் குணம் வரும்படி தயாரித்தது என்று பொருள். விலை குறைந்தவற்றைப் பெரும்பாலும் தொட்டியில் ஊற்றி 45 முதல் 50 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 மாதம் சூடாக்குவார்கள். நல்லவை மரப்பீப்பாயில், வெயில் ஏறும் மாடிப் பரண்களில் வருடக்கணக்கில் கிடக்கும். இதற்கு 'கான்டெய்ரோ' முறை என்று பெயர். ருசியில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு.

படி 2: எதை வாங்குவது?

3 ஆண்டு பாட்டிலைச் சமையலுக்கு விட்டுவிடுங்கள். அதைக் குடித்துப் பார்த்து "மதீரா என்றால் இவ்வளவுதானா" என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. 10 ஆண்டு செர்சியல் ஒன்று, 10 ஆண்டு மால்ம்சி ஒன்று என்று இரண்டு முனைகளையும் வாங்குங்கள். 500 மி.லி. அளவிலும் கிடைக்கும். பிளாண்டீஸ், பர்பெய்தோ, ஹென்ரிகஸ் அண்ட் ஹென்ரிகஸ் ஆகியவை நம்பி வாங்கக்கூடிய பெயர்கள். பக்கத்து டாஸ்மாக்கில் கேட்டு அலைய வேண்டாம். லண்டன், சிங்கப்பூர் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இது எளிது.

படி 3: ஊற்றுவதற்கு முன்

பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைக்கத் தேவையில்லை. செர்சியலை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். மால்ம்சிக்கு இலேசான குளிர்ச்சி இருந்தாலே சரி. கிளாஸ் குறுகலாகவும் மிகச் சின்னதாகவும் இருந்தால் வாசனை வராது. சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ் நல்லது. அதில் கால்வாசிக்கும் குறைவாக ஊற்றுங்கள். இதில் ஆல்கஹால் 19 சதவீதம் அளவில் இருக்கும், வழக்கமான ஒயினைப் போல ஊற்றிக் குடித்தால் தலை சுற்றும்.

படி 4: முதலில் மூக்கு

அவசரப்படாமல் முகருங்கள். வறுத்த பருப்பு, ஆரஞ்சுத் தோல், காய்ச்சிய சர்க்கரை எல்லாம் வரும். அதற்கடியில் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி வாசனை ஒன்று வந்தால் திகைக்க வேண்டாம், அது வெந்தயமேதான். வெந்தயத்துக்கு அந்த மணத்தைத் தரும் சோட்டோலோன் என்ற சேர்மம் மதீராவிலும் உண்டு. ஒயின் முதிர முதிர அதன் அளவு கூடும். ஐரோப்பியர்கள் இதைக் "கறி மசாலா வாசனை" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவார்கள். நமக்கு அது எந்த டப்பாவிலிருந்து வருகிறது என்றே தெரியும்!

படி 5: பிறகு நாக்கு

ஒரு சிறு வாய் எடுத்து, வாய் முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். மால்ம்சியில் இனிப்பு முந்திக்கொண்டு வரும், உடனே ஒரு புளிப்பு வந்து அதை வெட்டும். அந்தப் புளிப்புதான் மதீராவின் முதுகெலும்பு. அது இல்லாவிட்டால் இவ்வளவு சர்க்கரை திகட்டிவிடும். செர்சியலில் புளிப்பு இன்னும் கூர்மையாக இருக்கும், முதல் வாயில் சிலருக்கு முகம் சுளிக்கும். இரண்டாவது வாயை, கடித்துக்கொள்ள ஏதாவது வைத்துக்கொண்டு குடியுங்கள். உப்பு முந்திரி, ஆலிவ் காய், தெளிவான சூப் எல்லாம் பொருந்தும். மால்ம்சிக்குக் கறுப்பு சாக்லேட் நல்லது. தீவுக்காரர்கள் கரும்புப் பாகில் செய்யும் 'போலோ டி மெல்' என்ற கேக்கோடு சாப்பிடுவார்கள். அதிரசத்தோடும் நன்றாகவே போகும் என்பது என் பரிந்துரை.

படி 6: மிச்சத்தை மூடி வையுங்கள்

தக்கையை அழுத்தி மூடி அலமாரியில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். வாரம் ஒருமுறை இரண்டு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான ஒயின்களில் இந்த வசதி கிடையாது.

படி 7: பிடித்துவிட்டால்

அடுத்து நடுவில் விட்ட வெர்டெல்ஹோவும் போவாலும். அப்புறம் ஒரே ஆண்டு அறுவடையில் செய்யும் 'கொல்யெய்தா'. அதற்கும் மேலே 'ஃபிராஸ்கெய்ரா': குறைந்தது 20 ஆண்டு பீப்பாயில் இருந்தபிறகே பாட்டிலுக்கு வரும், விலையும் அதற்கேற்ப ஏறும். முழு பாட்டில் வாங்குமுன், ஒயின் பாரில் ஒரு கிளாஸாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். வாங்கிவிட்டால், குடிப்பதற்கு முந்தின நாளே திறந்து கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வையுங்கள். பல வருடம் பாட்டிலில் அடைபட்டிருந்த வாடை அதற்குள் போய்விடும்.