உலைக்குள் கதிர்வீச்சு: எந்தத் தோராயம் எங்கே செல்லுபடியாகும்?

ஓசூர்ப் பக்கம் பற்சக்கரங்களைப் பதப்படுத்தும் பட்டறையில், 950 பாகை செல்சியஸில் எரியும் உலையின் கதவைச் சற்றே தூக்கினாலும், அனல்காற்று வந்து தொடுமுன் முகம் சுடும். அந்தக் கதிர்வீச்சிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள். சிறிய திறப்பைக் கரும்பொருளாக (தன் வெப்பநிலைக்கு இயன்ற முழுக் கதிர்வீச்சையும் உமிழும் பொருளாக) கொண்டு, வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றி (1223), அதன் நான்காம் அடுக்கை ஸ்டெபான் மாறிலியான 5.67 × 10⁻⁸ ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 127 கிலோவாட் கிடைக்கும், 0.15 சதுர மீட்டர் திறப்பு வழியே 19 கிலோவாட் வெளியேறுகிறது. கெல்வினுக்கு மாற்ற மறந்தால் விடை மூன்றில் ஒரு பங்களவுக்குச் சுருங்கிவிடும். இது அனுபவசாலிகளும் செய்யும் பிழைதான்.

உள்ளிருக்கும் எரிவாயுப் புகைக்கு வரும்போது, சூத்திரத்தைத் தேடுமுன் ஒளித்தடிமனை, அதாவது கதிரைப் புகை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்ணை, கணிக்க வேண்டும். கதிரின் பாதை நீளத்தை உட்கவர் கெழுவால் (ஒரு மீட்டரில் கதிர் உறிஞ்சப்படும் வீதத்தால்) பெருக்கினால் அது வரும். கன அளவை மேற்பரப்பால் வகுத்து 3.6 ஆல் பெருக்கினால் கதிரின் சராசரிப் பாதை நீளம் வரும். 1 × 1 × 2 மீட்டர் அறைக்கு அது 0.72 மீட்டர். உட்கவர் கெழு மீட்டருக்கு 0.3 என்று கொண்டால் ஒளித்தடிமன் சுமார் 0.22, புகையின் உமிழ்திறன் (கரும்பொருளோடு ஒப்பிட்டால் அது உமிழும் பங்கு) 0.19. நைட்ரஜனும் ஆக்சிஜனும் இதில் ஏறக்குறைய பங்கேற்பதில்லை. கரியமில வாயுவும் நீராவியும் சில அலைநீளப் பட்டைகளில் மட்டுமே உட்கவர்வதால், ஒரே கெழுவைப் பயன்படுத்துவது துணிச்சலான தோராயம்தான் என்றாலும், முதற்கணக்குக்குப் போதும்.

ஒளித்தடிமன் 1-ஐத் தாண்டினால், கதிர்வீச்சு வெப்பம்போல் பரவுவதாகக் கொண்டு விரவல் சமன்பாடு ஒன்றையே தீர்க்கும் பி-1 முறை கணக்கிட மலிவானது. மெல்லிய புகையில் அது பிழைபடும். அங்கே திசைகளைப் பகுத்துக் கணக்கிடும் முறையே நம்பத்தக்கது.

சுவரிலுள்ள பீங்கான் இழைப் போர்வைக்கு, கதிர்வீச்சை வெப்பக் கடத்தல்போலவே கணக்கிடும் ராஸ்லாண்ட் தோராயம் பொருந்தும். ஸ்டெபான் மாறிலியின் 16 மடங்கை வெப்பநிலையின் மும்மடியால் பெருக்கி, தணிவுக் கெழுவின் (உறிஞ்சலாலும் சிதறலாலும் கதிர் ஒரு மீட்டரில் குறையும் வீதத்தின்) மூன்று மடங்கால் வகுத்தால், கதிர்வீச்சுக்குரிய கடத்துதிறன் வரும். 1000 கெல்வினில், கெழு மீட்டருக்கு 5000 எனக் கொண்டால், அது 0.06 வாட்/மீட்டர்-கெல்வின். போர்வையில் கதிர் சராசரியாக 0.2 மில்லிமீட்டர் மட்டுமே நகர்வதால் சூத்திரம் செல்லுபடியாகிறது. அதையே மேற்சொன்ன புகைக்குப் போட்டால், கதிர் தடையின்றிச் செல்லும் தொலைவு 3.3 மீட்டர், உலையின் அகலமோ ஒரே மீட்டர்; ஆகவே அங்கே அது செல்லுபடியாகாது.