பருவம் மாறினால் துறை சேரும் முறையும் மாறும்: பாய்மரப் படகு பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். ஏலகிரியின் புங்கனூர் ஏரியில் துடுப்புப் படகும் மிதிபடகும் ஓடுகின்றன. ஆகவே வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து பாய்மரப் படகு பழக விரும்புகிறவர்கள் சென்னைத் துறைமுகத்தை நாட வேண்டியிருக்கிறது. 1911-இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களிடம் இயல்பாக வந்துவிடும் தவறு, காட்பாடியில் ரயில் ஏறும்போது வீசிய காற்றே நாள் முழுவதும் வீசும் என்று எண்ணுவது. ஜூன், ஜூலை மாதங்களில் சென்னையிலும் காலையில் மேற்குக் காற்றுதான். ஆனால் தரை சூடேறியபின், பெரும்பாலும் நண்பகலை ஒட்டி, கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ கடற்காற்று நுழைந்துவிடும். காலையில் எதிர்க்காற்றில் மெல்லச் சேர்ந்த அதே துறைக்கு மாலையில் காற்று முதுகில் தள்ளத் தள்ள வர நேரும். அக்டோபருக்குப் பின்னரோ வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், கோடையில் பழகிய வழி மறுபடியும் பொருந்தாமல் போகும். ஒவ்வொரு முறையும் துறையிலுள்ள கொடியையும் நீரின் மேல் ஓடும் சிற்றலைகளையும் பார்த்த பிறகே வரும் திசையை முடிவுசெய்ய வேண்டும்.

தவறுகளுள் மிகவும் ஆபத்தானது, பின்காற்றில் பெரிய பாயை விரித்தபடியே துறையை நெருங்குவது. பாய்மரப் படகுக்கு பிரேக் இல்லை. அணியத்தை, அதாவது படகின் முன்பகுதியை, காற்றுக்கு எதிராகத் திருப்பிப் பாய்க்கயிற்றைத் தளர்த்தினால் பாய் படபடத்து விசை இழக்கும், படகு நிற்கும். பின்காற்றில் கயிற்றை முழுவதும் விட்டாலும், பாயின் அடிக்கட்டை பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளில் முட்டி நின்றுவிடுவதால், பாய் காற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பின்காற்றில் வருவதைத் தவிர வேறு வழியில்லையெனில், துறைக்கு நெடுந்தொலைவிலேயே காற்றை நோக்கித் திரும்பிப் பெரிய பாயை இறக்கிவிட்டு, சிறிய முன்பாயுடன் மட்டும் வர வேண்டும்.

இதற்கு அஞ்சி வெகு முன்னதாகவே வேகத்தை முற்றிலும் இழப்பதும் சரியன்று. படகு நகர்ந்து சுக்கானை ஒட்டி நீர் ஓடாவிட்டால், சுக்கானால் படகைத் திருப்ப இயலாது. விசை நின்றபின் படகு எவ்வளவு தூரம் வழுக்கிச் செல்கிறது என்பதை, எடை கூடினால் அத்தூரமும் கூடும் என்பதை நினைவில் வைத்து, திறந்த நீரில் ஒரு மிதவையை அணுகிப் பழகிப் பார்ப்பதே நல்லது. தவறினால் விலகிச் செல்ல ஒரு பக்கம் திறந்திருக்கட்டும்.

மோதப்போகும் படகைக் கையாலோ காலாலோ தடுக்கவே கூடாது. சிறு படகும் எலும்பை நொறுக்கிவிடும். இடையில் ரப்பர் தடுப்பைத் தொங்கவிடுங்கள். கயிற்றையும் கையில் பிடித்து இழுக்காமல், கரையிலுள்ள கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் விறைத்து நைந்த கயிற்றையே ஐப்பசி மழைக்கும் நம்பியிருப்பது பலருடைய வழக்கம். வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் கயிறுகளை மாற்றி, இரட்டையாகக் கட்டி, நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவுக்குச் சற்றுத் தளர்வும் விட வேண்டும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது அணியக் கயிற்றை முதலில் கட்டுங்கள். இல்லாவிடில் முன்பகுதி விலகி, படகு முழுவதும் திரும்பிவிடும்.